பிள்ளைக்கு முழுக் கட்டணமும் கட்டுகிறோம், வருஷா வருஷம் செய்துவந்த தர்மத்தை நிறுத்தலாமா?

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக மனதில் கிடந்து உறுத்துகிற விஷயம். வீட்டில் பேசி முடிவுக்கு வர முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் விவசாயம், மூன்று ஏக்கர் சொந்த நிலம். ஒரே மகள். கலந்தாய்வில் திருச்சிப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. அவள் கேட்ட பாடப்பிரிவு அங்கே இல்லை. கடைசியில் சென்னைக்கு அருகே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தோம். படிப்புக் கட்டணம் வருஷத்துக்கு 3,80,000. விடுதியும் சாப்பாடும் 1,40,000. எந்தச் சலுகையும் இல்லை, முழுத் தொகையும் எங்கள் கையிலிருந்துதான். நான்கு வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டும். முதல் வருஷத்துக்கு வைப்புத்தொகையை உடைத்தோம். கொஞ்சம் நகை அடகில் இருக்கிறது.

மாமனார் காலத்திலிருந்து வீட்டில் ஒரு நீளக் கணக்கு நோட்டு உண்டு, சிவப்புத் துணி அட்டை போட்டது. ஒவ்வொரு ஆடிப்பெருக்கு அன்றும் புதுப் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, அந்த வருஷம் யாருக்கு என்ன கொடுப்பது என்று எழுதிவிடுவார். அவர் போன பிறகு நான் எழுதுகிறேன். போன வருஷப் பக்கத்தில் இருப்பது இது: நர்சிங் படிக்கும் ஒரு பெண்ணுக்குக் கட்டணத்தில் 30,000. பாலிடெக்னிக் பையன் ஒருவனுக்கு 14,000. ஊர்ப் படிப்பகத்துக்கு மாதம் 1,000 வீதம் 12,000. பங்குனி உத்திர அன்னதானத்துக்கு 10,000. மாமனார் திதியன்று முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு 6,000. மொத்தம் 72,000.

முன்பெல்லாம் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலையில் இட்லி கொடுத்தோம். 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கிவைத்து காலை உணவுத் திட்டம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததும், அந்தப் பணத்தைக் கல்லூரிப் பிள்ளைகள் பக்கம் திருப்பினோம். அதில் எனக்கு இன்றுவரை திருப்திதான்.

இந்த வருஷம் ஆடிப்பெருக்கு அன்று நோட்டை எடுத்தேன். பிள்ளையார் சுழி போட்டேன், மஞ்சள் தடவினேன். அதற்குக் கீழே பேனா ஓடவில்லை. இப்போது புரட்டாசி, அந்தப் பக்கம் இன்னும் அப்படியே கிடக்கிறது. பாலிடெக்னிக் பையன் படித்து முடித்துவிட்டான். நர்சிங் பெண்ணுக்கு இது மூன்றாம் வருஷம், ஐப்பசிக்குள் பணம் கட்ட வேண்டும். அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாள்.

"நாலு வருஷம் நிறுத்துவோம், மகள் முடிக்கட்டும், அப்புறம் இரண்டு மடங்காகச் செய்வோம்" என்கிறார் வீட்டுக்காரர். மாமியார் நோட்டு நிற்கக்கூடாது என்கிறார். மகளுக்கு இதெல்லாம் தெரியாது. உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்?


தலைஞாயிறு விவசாயி:

அக்கா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடகுக் கடையில் நகை இருக்கும்போது யாரும் அன்னதானம் போட வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

என் கணக்கைப் பாருங்கள். இந்தக் குறுவையில் ஏக்கருக்கு 50 சிப்பம் கண்டது, சிப்பம் 40 கிலோ. பொது ரகம் குவிண்டால் 2,500 ரூபாய் என்று வைத்தால் 50,000. உழவு, நடவு, உரம், அறுவடை இயந்திரம் எல்லாம் போக 18,000 நின்றது. அதுவும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டி, படுதா போட்டு மூடி, நாலு ராத்திரி அதன் பக்கத்திலேயே படுத்தேன். விடிந்ததும் படுதாவைத் தூக்கினால் அடியில் சூடு ஏறி முளை விட்ட வாசனை வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். என் கணக்குப்படி உங்கள் மகளின் ஒரு வருஷச் செலவு 29 ஏக்கர்க் குறுவை. அவ்வளவையும் ஒரே கல்லூரிக்குக் கொடுத்துவிட்டு மேலேயும் கொடு என்று உங்களைக் கேட்க யாருக்கும் வாய் வராது.

எங்கள் ஊரில் தலைக்கட்டு வரி மட்டும் யாருக்கும் நிற்காது. திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்தால் கொடுத்தாக வேண்டும். அது தர்மக் கணக்கில் வராது, நம் பங்கு. அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை நிறுத்துங்கள்.


பாமணி ஆறு:

அண்ணன் சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். முழுக் கட்டணம் கட்டுகிற நாம்தான் அந்தக் கல்லூரியில் சலுகையில் படிக்கிற பிள்ளைகளையும் தாங்குகிறோம். நாம் கட்டாவிட்டால் உதவித்தொகைக்கு எங்கே போவார்கள்? அந்த வகையில் நீங்கள் இந்த வருஷம் 72,000க்கு மேலேயே தர்மம் செய்தாயிற்று என்று எடுத்துக்கொள்ளலாமே, அக்கா.


காவேரிக்கரை கணக்கர்:

நான் கும்பகோணத்தில் தணிக்கைத் தொழிலில் இருக்கிறேன். பாமணி ஆறு சொன்னதை அப்படியே விட முடியாது, சட்டப்படியும் சரி, பொதுவாகவும் சரி.

படிப்புக் கட்டணம் என்பது வாங்கிய சேவைக்குக் கொடுத்த விலை. 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் அதை 80சி பிரிவில் வைத்தது: இரண்டு பிள்ளைகள் வரை, மற்ற சேமிப்புகளோடு சேர்த்து 1,50,000 ரூபாய்க்குள். அதுவும் படிப்புக் கட்டணம் மட்டும்தான். வளர்ச்சி நிதி, விடுதிக் கட்டணம் எதுவும் அதில் வராது. நன்கொடை 80ஜி. இரண்டும் வேறு வேறு. இரண்டுமே பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், புது முறையில் இரண்டும் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜியும் கிடையாது. அக்கா, நீங்கள் அந்த நர்சிங் பெண்ணுக்காகக் கட்டுவதற்கும் எதுவும் கிடையாது, ஏனென்றால் அது தனி ஆளுக்கு கொடுப்பது. கல்விக் கடன் வாங்கினால் வட்டிக்கு மட்டும் அதே சட்டத்தின் 80இ பிரிவில் எட்டு வருஷம் வரை, பழைய முறையில், உச்சவரம்பு இல்லாமல் கழிக்கலாம். வைப்புத்தொகையை முழுதாக உடைப்பதற்கு முன் அதை யோசித்திருக்கலாம். இரண்டாம் வருஷத்துக்காவது யோசியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எல்லோருக்கும். சில இடங்களில் சேர்க்கைக்கு வாங்குகிற பணத்துக்கு ஏதோ ஒரு அறக்கட்டளை பெயரில் நன்கொடை ரசீது போட்டுக் கொடுக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து 80ஜியில் காட்டச் சொல்லி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நான் போடமாட்டேன். இடத்துக்காகக் கொடுத்த பணம் நன்கொடை ஆகாது. தமிழ்நாட்டில் 1992இலேயே கட்டாய நன்கொடை வசூலைத் தடுக்கச் சட்டம் போட்டாயிற்று. கொடுத்தவர் மனமும் அதைத் தர்மம் என்று நம்பிவிட்டால், உண்மையில் யாருக்கும் எதுவும் கொடுக்காமலே கொடுத்த திருப்தி வந்துவிடுகிறது. அதுதான் எனக்கு அதிகக் கவலை.


பழைய காலேஜ் வாத்தியார்:

பாமணி ஆறு தம்பி எடுத்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்குத் தீர்ப்பில் தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடம் இலவச இடம், மற்றது கட்டண இடம் என்று ஒரு ஏற்பாடு வந்தது. கட்டண இடத்துப் பிள்ளை கூடுதலாகக் கட்டி இலவச இடத்துப் பிள்ளையைத் தாங்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. நல்ல தனியார் பள்ளியில் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகள் தரவரிசையில் மேலே வந்து இலவச இடத்தைப் பிடித்தார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் கீழே வந்து கட்டண இடத்தில் விழுந்தார்கள். 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்த முரணைத் தீர்ப்பிலேயே எடுத்துச் சொல்லி, அந்த ஏற்பாட்டை விலக்கியது. யார் பணம் யாரைத் தாங்குகிறது என்பது கட்டண ரசீதைப் பார்த்தால் தெரியாது, தம்பி.

இன்றைய நிலையையும் பாருங்கள். நம் மாநிலத்தில் முதல் பட்டதாரிச் சலுகையைத் தருவது அரசு. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்பில் 7.5 சதவீத இடம், அதற்குரிய கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆக, கலந்தாய்வில் சேரும் ஏழைப் பிள்ளையைத் தாங்குவது பெரும்பாலும் வரிப்பணம். சுயநிதிக் கல்லூரிகளில் கட்டணக் குழு 2017இல் அரசு ஒதுக்கீட்டுக்கு 50,000 முதல் 55,000, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000 முதல் 87,000 என்று வைத்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அந்த வரம்புக்குள் வருவதில்லை. அதனால்தான் அம்மா கட்டுகிற தொகை இவ்வளவு.

கூடவே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் பக்கத்திலேயே பூண்டியில் 1956இல் தொடங்கிய புஷ்பம் கல்லூரியை, 2021இல் மறைந்த துளசி அய்யா வாண்டையார் நன்கொடை வாங்காமல் நடத்தினார் என்பது இந்தப் பகுதியில் எல்லோரும் அறிந்தது. கல்லூரி நடத்துவதையே கொடையாக நினைத்தவர்கள் இருந்த மண் இது. அதனால்தான் இப்போது கட்டுகிற கட்டணத்தையும் கொடை என்று சொல்லக் கேட்டால் எனக்குப் பொறுக்கவில்லை.


நியூஜெர்சி மன்னை:

நானும் மன்னார்குடிதான் அக்கா, இருபது வருஷமாக அமெரிக்கா. இங்கேயும் எங்கள் வட்டாரத்தில் இதே பேச்சுதான் நடக்கிறது.

என் மூத்தவன் ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாம் வருஷம். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 85,000 டாலருக்கு மேல். எங்கள் வருமானத்துக்கு உதவி கிடையாது, முழுக் கட்டணம். இங்கே பல தனியார் கல்லூரிகளில் அறிவித்த விலையைக் கட்டுகிறவர்கள் குறைவு, சராசரியாகப் பாதிக்கு மேல் தள்ளுபடி போகிறது. பணக்காரக் கல்லூரிகள் வருமானம் பார்த்தே கட்டணம் வைக்கின்றன. 2 லட்சம் டாலர் வரை வருமானம் உள்ள வீட்டுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை என்று ஹார்வர்ட் 2025இல் அறிவித்தது. ஆக, பாமணி ஆறு சொல்வது இந்த ஊருக்கு ஓரளவு பொருந்தும். அப்படியும் இங்கத்துச் சட்டம்கூட கட்டணத்தை நன்கொடையாக ஏற்காது, பதிலுக்குப் படிப்பு கிடைத்துவிட்டது என்பதுதான் காரணம்.

என் சொந்த விஷயம். மகன் சேர்ந்த வருஷம் ஊர்ப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். தொகை பெரிதல்ல, ஆண்டுக்கு 600 டாலர். 85,000 கட்டுகிறவனுக்கு அந்த 600 மிச்சமாகி என்ன ஆகிவிட்டது என்று இப்போது யோசித்தால் பதில் இல்லை. பெரிய தொகை ஒன்று கையை விட்டுப் போகும்போது நமக்கு ஒரு பயம் வருகிறது. அந்தப் பயத்தில் சின்னதையெல்லாம் இறுக்கிப் பிடிக்கிறோம். இந்த ஜனவரியில் திரும்ப அனுப்பத் தொடங்கினேன். இடையில் நின்ற ஒரு வருஷத்தில் அந்தப் பள்ளியில் என்ன நின்றது என்று விசாரித்தேன், மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த டீச்சரை அனுப்பிவிட்டார்களாம்.


கூத்தாநல்லூர் பிறை:

எங்கள் மார்க்கத்தில் இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது, அது உங்களுக்கும் பயன்படலாம் அக்கா.

ஜகாத் கடமை. சுமார் 11 பவுன் தங்கத்துக்கு ஈடான செல்வம் ஒரு வருஷம் கையில் நின்றால் அதில் 40இல் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். பிள்ளைக்குக் கட்டணம் கட்டிவிட்டேன், கையில் அவ்வளவு நிற்கவில்லை என்றால் அந்த வருஷம் ஜகாத் கடமையாகாது. ஆக, பிள்ளையைப் படிக்கவைத்ததால் கொடுக்க முடியாமல் போனவர்மேல் குற்றம் இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு: பெற்ற பிள்ளைக்குச் செய்ததை ஜகாத் கணக்கில் எழுத முடியாது. அவர்களைத் தாங்குவது ஏற்கெனவே நம்மேல் உள்ள பொறுப்பு. கணக்கர் அண்ணன் சட்டத்தில் சொன்னதும் இதுவும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது.

போன ரமலானில் நானும் கணக்குப் போட்டேன். மகனுக்கு மருத்துவப் படிப்புக்குக் கட்டியது போக ஜகாத் என்று எதுவும் வரவில்லை. அன்று பள்ளிவாசலுக்குப் போய் ஜமாஅத் பெரியவரிடம் இந்த வருஷம் என் பெயரை எதிர்பார்க்காதீர்கள் என்று நேரில் சொன்னேன். ரொம்பக் கூச்சமாக இருந்தது. அவர் பட்டியலை எடுத்து, நான் வழக்கமாகப் பொறுப்பெடுக்கும் இரண்டு வீட்டை வேறு ஒருவர் பெயருக்கு மாற்றி எழுதிக்கொண்டார். ஐந்து நிமிஷ வேலை.


பேராவூரணி தென்னந்தோப்பு:

எங்கள் பக்கத்தில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும், கேள்விப்பட்டிருப்பீர்கள். கறிச் சாப்பாடு போட்டு மொய் வாங்குவது. எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியதே அப்பா வைத்த மொய் விருந்தில் வந்த பணம்தான். பந்தல் ஓரத்தில் நாலு மேசை, மேசைக்கு ஒருவர் மொய் நோட்டு எழுதுவார், பக்கத்தில் எவர்சில்வர் அண்டாவில் பணம் விழும். அன்று ராத்திரி அப்பா எண்ணிக்கொண்டிருந்தபோது அம்மா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை வீட்டுக்கு எத்தனை வருஷத்துக்குள் திருப்பிச் செய்ய வேண்டும் என்று அவருக்கு அப்போதே கணக்கு ஓடியது.

2018 நவம்பர் 16, கஜா புயல். காலையில் எழுந்து பார்த்தால் தோப்பில் நின்ற மரத்தைவிட விழுந்தது அதிகம். அந்த வருஷமும் மொய் வந்த வீட்டுக்கெல்லாம் மொய் திருப்பிச் செய்தோம், கடன் வாங்கி. ஆனால் ஊரில் ஒரு விதவை அம்மாவுக்கு மாதம் அரிசி கொடுத்துவந்தோம், அது நின்றுபோனது. யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. மொய்யைக் கேட்க ஆள் இருந்தது, அரிசியைக் கேட்க ஆள் இல்லை. நெருக்கடி வந்தால் முதலில் நிற்பது எது என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். உங்கள் நர்சிங் பெண் கேட்கமாட்டாள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது.


ஒரத்தநாடு தேவி:

நான் இதுவரை இங்கே படித்ததோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும்.

அக்கா, நான் அந்த நோட்டின் மறுபக்கத்தில் இருந்தவள். 2011இல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பொறியியல் சேர்ந்தேன். அப்பா இல்லை. முதல் பட்டதாரிச் சலுகை போக மீதியை, அம்மா சமையல் செய்துவந்த ஒரு வீட்டுப் பெரியவர் கட்டினார். நேரே கல்லூரி அலுவலகத்தில் கட்டிவிட்டு ரசீதை அம்மாவிடம் கொடுத்தனுப்புவார். இரண்டு வருஷம் அப்படி நடந்தது. இரண்டு ரசீதும் இன்றைக்கும் என் பீரோவில் இருக்கின்றன.

மூன்றாம் வருஷம் அவர் மகனுக்கு ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கினார்கள். பெரிய தொகை. எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. கட்டியிருப்பார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். செமஸ்டர் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது அறிவிப்புப் பலகையில் ஹால் டிக்கெட் நிறுத்திவைக்கப்பட்டவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். ஏழாவது பெயர் என் பெயர்.

அம்மா அன்று சாயங்காலம் தோட்டைக் கழற்றினார். மறுநாள் காலையில் காதில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு அதே வீட்டுக்குச் சமைக்கப் போனார். அந்த வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லையா, கவனித்தும் கேட்கவில்லையா, தெரியாது. அம்மாவும் கேட்கவில்லை. கேட்பது நன்றி கெட்ட வேலை என்று நினைத்தார்.

அந்தப் பெரியவர்மேல் எனக்குக் கோபமே இல்லை, சத்தியமாக. இரண்டு வருஷம் கட்டியவர் அவர். மூன்றாம் வருஷமும் கட்டு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் மே மாதம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வங்கிக் கடனுக்கு அலைந்திருப்போம். வேறு அறக்கட்டளைகளில் விண்ணப்பம் போடும் நாள் முடிந்திருக்காது. நாலு நாளில் அடகுக் கடையைத் தவிர வேறு வழி கிடையாது.

உங்கள் மகளின் கட்டணத்தில் நீங்கள் ஒரு ரூபாயும் குறைக்க வேண்டாம். அன்னதானத்தை நிறுத்துங்கள், படிப்பகத்தை நிறுத்துங்கள், அதை ஊரில் நாலு பேர் சேர்ந்து பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பெண் உங்களை நம்பி மூன்றாம் வருஷத்தில் நிற்கிறாள். அவளுக்குச் செய்வதை மற்ற நாலோடு சேர்த்து ஒரே பட்டியலில் வைக்காதீர்கள். முடிகிறதோ முடியவில்லையோ, நாளைக்கே அவளிடம் பேசுங்கள்.


தலைஞாயிறு விவசாயி:

தங்கச்சி, படித்து முடித்து ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நேற்று எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.


பழைய காலேஜ் வாத்தியார்:

தேவி அம்மா எழுதியதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் இருந்தவன் என்பதால் ஒரு பழைய சம்பவம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு அந்தக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை போயிற்று. அது இல்லாமல் கட்டணம் கட்ட வீட்டில் வழியில்லை. 1905இல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். கணக்கில் அப்படி ஒரு மூளை இருந்தும், நடுவில் பணம் நின்றதும் படிப்பு முறிந்தது.

நம் முன்னோர் இதை ஒரு விதத்தில் யோசித்திருக்கிறார்கள். கட்டளை என்ற சொல்லைப் பாருங்கள். திருவாரூர்க் கோயிலில் ராஜன் கட்டளை, அபிஷேகக் கட்டளை என்று தனித்தனியாக இருக்கிறது. இன்ன செலவுக்கு இன்ன நிலம் என்று எழுதிவைத்துவிட்டால், கொடுத்தவர் வீட்டில் அந்த வருஷம் கல்யாணமோ சாவோ, கட்டளை பாட்டுக்கு நடக்கும். ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் 1802இல் கட்டிய முக்தாம்பாள் சத்திரமும் அப்படித்தான், வழிப்போக்கருக்குச் சோறும் பிள்ளைகளுக்குப் படிப்பும். அம்மா, மகள் முடித்த பிறகு உங்கள் வீட்டு நோட்டுக்கும் ஒரு வைப்புத்தொகை போட்டு, வட்டியை மட்டும் கொடுக்கிற மாதிரி வையுங்கள்.


கீழத்தஞ்சை:

ஐயா, கட்டளையும் சத்திரமும் பெருமைதான். அந்த நிலத்தில் சேற்றில் நின்று நெல் விளைவித்த எங்கள் தாத்தா பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பு கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் முதல் முதலில் கல்லூரி போனது நான், அரசு உதவித்தொகையிலும் அரசு விடுதியிலும். அதனால் தனி மனிதர் தர்மத்தைக் காட்டிலும் அரசு கல்லூரியும் அரசு விடுதியும் பெருக வேண்டும் என்பதுதான் என் பக்கம். அக்காவின் மகள் கேட்ட படிப்பு நம் மாவட்டத்து அரசு கல்லூரியிலேயே இருந்திருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

ஆனால் அதெல்லாம் வருகிற வரைக்கும் அந்த நர்சிங் பெண்ணால் காத்திருக்க முடியாது. அதில் தேவி சொன்னதோடு ஒத்துப்போகிறேன்.


பழைய காலேஜ் வாத்தியார்:

நீங்கள் சொல்வது உண்மை. அதைச் சேர்க்காமல் பெருமை மட்டும் பேசியது என் பிழை.


பாமணி ஆறு:

நான் முதலில் எழுதியது தவறு என்று புரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. மகளிடம் ஏன் சொல்லவில்லை? என் தங்கையிடம் நாங்கள் எல்லாவற்றையும் மறைத்துதான் படிக்கவைத்தோம். நாலாவது வருஷத்தில் வேறு யார் மூலமோ தெரிந்து, எனக்காக வீட்டில் என்னென்ன நின்றது என்று கேட்டு அழுதாள்.


வெண்ணாற்றங்கரை:

ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

தேவி, உங்கள் பதிவை வீட்டுக்காரரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வேப்பங்குச்சி வந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை, அவர் வாங்கிப் படித்தார். மறுநாள் ஞாயிறு. இரண்டு பேரும் நர்சிங் பெண் வீட்டுக்குப் போனோம். வலங்கைமான் தாண்டி உள்ளே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைல். போகும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். போய் உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள். "உங்க பொண்ணு கல்லூரி சேர்ந்திருக்கான்னு கேள்விப்பட்டேன், இந்த வருஷம் நீங்க சிரமப்பட வேண்டாம்மா" என்றாள். அவள் ஏற்கெனவே ஒரு மருந்துக்கடையில் ராத்திரி வேலைக்குப் பேசிவைத்திருக்கிறாள். காலையில் வார்டு பயிற்சி, ராத்திரி கடை. எப்போது தூங்குவாய் என்று கேட்டேன், பதில் இல்லை.

30,000இல் 15,000ஐ இந்த மாதமே கட்டுகிறோம். மீதி சம்பா அறுத்ததும் மாசியில். இரண்டு தவணையாக வாங்க அவள் கல்லூரியில் ஒப்புக்கொண்டார்கள், கணக்கர் அண்ணன் மாதிரி ஒருவர் அலுவலகத்தில் இருந்தார், எழுதிக் கொடுத்தார். நாலாம் வருஷத்துக்கும் நாங்கள்தான் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டோம். மருந்துக்கடையை வேண்டாம் என்று சொல்ல வைத்தோம்.

அன்னதானத்தை இந்த வருஷம் விட்டுவிட்டோம். விழாக் குழுவில் நேரில் போய்ச் சொன்னபோது, பிறை தம்பி எழுதிய கூச்சம் எனக்கும் இருந்தது. மாமனார் திதிக்கு முதியோர் இல்லத்துக்குப் பதில் வீட்டிலேயே பத்துப் பேருக்குச் சாப்பாடு, மாமியார் சம்மதித்துவிட்டார். படிப்பகம்தான் இன்னும் முடிவாகவில்லை. மாதம் 1,000 என்பது சின்னதாகத் தோன்றுகிறது, நியூஜெர்சி தம்பி சொன்ன டீச்சர் வேறு மனதில் வந்து நிற்கிறார். 500 ஆக்கலாமா என்று பார்க்கிறோம்.

மகளுக்குப் போனில் சொன்னேன். பாமணி ஆறு கேட்டதால்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், அந்த அக்கா பெயர் என்னம்மா என்று கேட்டாள். தீபாவளிக்கு வரும்போது அவளைப் பார்க்க வேண்டும் என்கிறாள். விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மூன்று வேளையும் வெளியே சாப்பிடுவதை இனி குறைத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். அது எத்தனை நாளைக்கு நிற்கும் தெரியவில்லை, நான் எதுவும் சொல்லவில்லை.

கல்விக் கடனுக்கு இரண்டாம் வருஷத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். கணக்கர் அண்ணே, ஏற்கெனவே முதல் வருஷம் கட்டிய ரசீதுகளையும் வங்கியில் கேட்பார்களா? எல்லாவற்றையும் அந்த நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.


காவேரிக்கரை கணக்கர்:

கேட்பார்கள், அக்கா. ரசீது, சேர்க்கைக் கடிதம், நாலு வருஷக் கட்டண விவரம் கல்லூரி முத்திரையோடு, உங்கள் இருவரின் வருமானச் சான்று. 7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதித் திட்டத்தில் சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்க வாய்ப்பு உண்டு, முதலில் அதைக் கேளுங்கள். தை பிறப்பதற்குள் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அந்த நர்சிங் பெண்ணின் பெயரிலும் கடன் கிடைக்குமா என்று நான் விசாரிக்கிறேன். அவள் இந்த வருஷக் கட்டண விவரத்தை மட்டும் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.